மற்றப் பக்கம் ‘ஓம்’ சொல்லும்வரை

எங்கள் விறாந்தையில் இப்போது பின்னேரங்களில் கணக்கு வகுப்பு நடக்கிறது. படிப்பிக்கிற தம்பி நல்லவர். நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். ஆனால் கணக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் கதை இல்லை. பலகையில் சோக்கு உரசும், கொப்பியில் பேனை உரசும். இடைக்கிடை “விளங்கிச்சோ?” என்று அவர் கேட்பார். “ஓம் சேர்” என்று எல்லாரும் ஒன்றாகச் சொல்வார்கள். பிறகு மறுபடியும் உரசல்தான். குசினி யன்னலடியில் நின்று தேங்காய் துருவினால் கைக்கு மட்டும்தான் வேலை, காதுக்கு இல்லை.

அதே விறாந்தையில் முந்தி, ஒரு ரீச்சர் வேலை கிடைத்துப் போகும்வரை, கட்டுரை வகுப்பு நடந்தது. அது சண்டைக்கார வகுப்பு. ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை நிற்பாட்டி, “என்னணை, உள்ளுக்கை காணிப் பிரச்சினையோ?” என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கட்டுரை என்றால் தலையைக் குனிந்து எழுதுகிற காரியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த ரீச்சரிடம் படித்த பிள்ளைகள் முதலில் வாயால் அடிபட்டு, பிறகுதான் பேனை எடுப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொடிகாமத்துப் பக்கம் பிறந்து, கலியாணம் முடித்து நல்லூருக்கு வந்தவள். பேப்பர் வாசிப்பேன், விரல் வைத்து மெதுவாக. ஆட்களோடு கதைக்கத்தான் எனக்கு வராது. நாலு பேருக்கு நடுவில் யாராவது என்னைப் பார்த்து ஒன்று கேட்டுவிட்டால், சொல்ல வந்தது தொண்டையில் நின்றுவிடும். வாயில் “பாப்பம்” என்று வரும். கலியாணம், காணி, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினது எல்லாவற்றுக்கும் நான் “பாப்பம்” என்றுதான் சொன்னேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வகுப்பு நடந்த காலத்தில் என் மகன் கனடாவிலிருந்து ஒரு முடிவோடு நின்றான். கோயிலுக்குக் கிட்டக் காணி தேடுகிற ஒருவர் எங்கள் வீட்டை விலைக்குக் கேட்டிருந்தார். வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு என்னைத் தன்னிடம் கூப்பிட்டுவிடுவதுதான் மகனுடைய எண்ணம். என் மனுசன் செத்த பிறகு நான் தனிய இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் போன் எடுப்பான். “அம்மா, என்ன முடிவு?” என்பான். எனக்குப் போக விருப்பமில்லை. அதை அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. “பாப்பம் தம்பி” என்று சொல்லிப் போனை வைப்பேன். அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த அலுவலைப் பார்ப்பான்.

ரீச்சர் எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலை வரும்வரை காத்திருந்தா. ஒரு நாள் படலையில் நின்று, “அம்மா, உங்கடை விறாந்தை சும்மாதானே கிடக்கு, பிள்ளையளுக்குக் கட்டுரை சொல்லிக் குடுக்கட்டோ?” என்று கேட்டா. அதற்கும் நான் “பாப்பம்” என்றேன். அடுத்த நாளே பிள்ளைகள் இருக்க நாலு வாங்குகளோடு லாண்ட்மாஸ்டர் வண்டி வந்து நின்றது.

முதல் நாள் எனக்கு நல்ல நினைவு. கைத்தொலைபேசி பிள்ளைகளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று எழுதச் சொன்னா. பிள்ளைகள் வேகமாக எழுதினார்கள். ரீச்சர் எல்லாக் கொப்பிகளையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் வரியை மட்டும் சத்தமாக வாசித்தா. “விஞ்ஞானம் வளர்ச்சியடைந்துவிட்ட இன்றைய நவீன உலகிலே…” அடுத்த கொப்பி. “விஞ்ஞானம் வளர்ச்சியடைந்துவிட்ட இன்றைய நவீன உலகிலே…” அதற்கடுத்ததும் அதேதான். ஐந்தாறு கொப்பிக்குப் பிறகு பிள்ளைகளே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“என்ன, எல்லாரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையளோ?” என்றா ரீச்சர்.

“கட்டுரைக்கு முகவுரை உப்பிடித்தான் ரீச்சர் வரவேணும். பள்ளிக்கூடத்திலை பாடமாக்கினது” என்றாள் ஒரு பிள்ளை. இரட்டைப் பின்னல்காரி. வாய் என்றால் அந்த வாய். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பிள்ளை இருக்கும். அது என்னைப்போல, கேட்டால்தான் கதைக்கும்.

“பாடமாக்கினதை விடு. போன் கூடாதெண்டு எழுதியிருக்கிறாய். உனக்கு ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லுகினம்.”

“எல்லாரும் எண்டால் ஆர்? ஒரு ஆளைச் சொல்லு.”

பின்னல்காரி யோசித்தாள். “என்ரை அம்மா.”

“அம்மா எப்ப சொன்னவ?”

“நான் சோதினையிலை குறையப் புள்ளி எடுத்தண்டைக்கு.”

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. குசினிக்குள் நானும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ரீச்சர் பேப்பரில் வருகிற துண்டுகளை வெட்டி, பழைய கலண்டர் மட்டைகளின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கினா. டொக்டர் சொன்னது ஒன்று, பள்ளிக்கூட அதிபர் சொன்னது ஒன்று, போன் விற்கிற கடையின் விளம்பரம் ஒன்று என்று கலந்து இருக்கும். பிள்ளைகள் அதை வாசித்து, அதிலிருந்து ஆதாரம் எடுத்துத்தான் எழுதவேண்டும். “ஆர் சொன்னது? அவருக்கு எப்பிடித் தெரியும்? சொன்னதாலை அவருக்கு என்ன லாபம்?” இந்தக் கேள்விகளை ஒவ்வொரு மட்டைக்கும் கேட்பா. என் வீட்டுப் பழைய பேப்பர்களையும் கேட்டு வாங்கினா. குசினி அலுமாரித் தட்டுகளுக்கு விரித்திருந்ததைக்கூட உருவிக் கொடுத்தேன். கறி மஞ்சள் பட்ட ஒரு பேப்பரை வைத்துக் குளத்து நீரைப் பற்றி ஒரு வகுப்பு நடத்தினா.

ஆனால் ரீச்சரின் கெட்டித்தனம் வேறொன்றில் இருந்தது. பிள்ளைகளை இரண்டு பக்கமாக இருத்துவா. ஒரு பக்கம் வேண்டும், மற்றப் பக்கம் வேண்டாம். வாதாட முதல், நீ எதிர்க்கப்போகிற பக்கத்தின் நியாயத்தை நீயே எழுதி, எழும்பி நின்று அவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அவர்கள் கேட்டுவிட்டு, “ஓம், நாங்கள் சொல்லுறது உதுதான்” என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் உனக்கு மறுக்க அனுமதி. சொல்லாவிட்டால் இருந்து திருப்பி எழுது.

பிள்ளைகள் இதில்தான் மிகவும் கஷ்டப்பட்டார்கள். மற்றப் பக்கத்தைப் பழுதாகச் சொல்லி வைத்தால் வெட்டிவிழுத்தச் சுகம். பின்னல்காரி அப்படித்தான் செய்வாள். “போன் வேணும் எண்டுறவை படிக்க விருப்பமில்லாத ஆக்கள்” என்று வாசிப்பாள். எதிர்ப்பக்கம் ஒரே குரலில் “இல்லை!” என்று கத்தும். “இரடி, எழுதடி” என்று வாங்கில் இருத்திவிடுவார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டு எழுதுவாள். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ ஓம் கிடைக்கும். அப்படி ஓம் கிடைத்த பிறகு, வெட்டிவிழுத்த முந்தியிருந்த துடிப்பு அவளிடம் இருக்காது. நிதானமாகக் கதைப்பாள். யன்னலுக்குள்ளால் அதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

தாய் தகப்பன்மார் இடைக்கிடை வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். “சோதினைக்கு இதெல்லாம் வராதே ரீச்சர், நாலு நல்ல கட்டுரையைக் குடுத்துப் பாடமாக்க விடுங்கோவன்.” ரீச்சர் சிரித்துச் சமாளிப்பா. சிலர் பிள்ளைகளை நிற்பாட்டியும் விட்டார்கள். நின்ற பிள்ளைகள் படலைக்கு வெளியில் சைக்கிளை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதையும் கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் நான் உளுந்து அரித்துக்கொண்டிருந்தேன். பலகையில் எழுதியதை ரீச்சர் வாசித்தது யன்னலால் வந்தது.

“வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையள், இஞ்சை தனிய இருக்கிற வயதான தாய் தேப்பனைத் தங்களிட்டைக் கூப்பிடவேணுமா, கூப்பிடக்கூடாதா?”

என் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. ரீச்சருக்கு என் வீட்டுக் கதை தெரியாது. நான் யாருக்கும் சொல்லவில்லை. பேப்பரில் தனிய இருக்கிற முதியவர்களைப் பற்றி ஏதோ வந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் அந்தத் தலைப்பை எடுத்திருக்கிறா. ஆனால் எனக்கு யாரோ என் அறையைத் திறந்து உள்ளே வந்த மாதிரி இருந்தது.

“இந்த முறை மட்டை தரமாட்டன். ஆதாரத்தை நீங்களே தேடிக்கொண்டு வாங்கோ” என்றா ரீச்சர்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எதைக் கொண்டுவருவார்கள்? அடுத்த வகுப்புக்கு எல்லாரும் நினைவு மலர்களோடு வந்தார்கள். இங்கே ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவரைப் பற்றிப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். முன்னுக்குப் படம், உள்ளே தேவாரம், குடும்ப மரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. வாங்கின புத்தகத்தை எறியவும் மனம் வராது. அதனால் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஒரு அடுக்குக் கிடக்கும். ஆதாரம் என்றால் அச்சில் வந்ததுதானே என்று பிள்ளைகள் அதை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேசையில் கிடந்த படங்களைப் பார்க்க, ஊரே திரும்பி வந்து இருந்த மாதிரி இருந்தது.

பின்னல்காரி முதலில் எழும்பினாள். கூப்பிடவேண்டும் என்ற பக்கம். “ரீச்சர், இந்த அம்மா லண்டனிலை மகளோடை இருந்தவ. ‘பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சூழ மகிழ்ச்சிக் கடலில் மூழ்கி வாழ்ந்து சிவபதம் எய்தினார்.’ இந்த ஐயா ஜேர்மனியிலை. ‘மக்களின் அன்பில் குறையொன்றும் அறியாதவராய்.’ இவ நோர்வேயிலை. அவவும் மகிழ்ச்சி. ஆக, போனவை எல்லாரும் சந்தோஷமாய்த்தான் இருந்திருக்கினம். அச்சிலை கிடக்கு.”

மற்றப் பக்கம் விடவில்லை. ஒரு பெடியன் எழும்பி, “இஞ்சை எங்கடை பெரியப்பா. ஊரிலையே இருந்தவர். ‘பிறந்த மண்ணில் மனநிறைவோடு வாழ்ந்து’ எண்டு போட்டிருக்கு. அதுவும் அச்சுத்தான்” என்றான்.

இரண்டு பக்கமும் மாறி மாறிச் செத்தவர்களைத் தூக்கிக் காட்டினார்கள். ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றா. களைத்துப் போய் நிற்பாட்டின பிறகு, “இவ்வளவு புத்தகத்திலையும் சந்தோஷமில்லாமல் செத்த ஒரு ஆளை எடுங்கோ பாப்பம்” என்றா.

பிள்ளைகள் பிரட்டினார்கள். கிடைக்கவில்லை.

“கோவக்காரர் ஒருத்தர்?”

இல்லை.

“கஞ்சன்? சண்டைக்காரர்? பிள்ளையளோடை கதையாமல் இருந்தவர்?”

பின்னல்காரி கையை உயர்த்தினாள். “ரீச்சர், செத்தவை எல்லாரும் நல்லவை எண்டால், கெட்டவை ஒருத்தரும் இன்னும் சாகேல்லையோ?”

வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் சிரித்துச் சிரித்து வாங்கோடு சரிந்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. உள்ளே அலுமாரியில் என் மனுசனுடைய மலரும் இருக்கிறது. ‘சாந்தமே உருவானவர்’ என்று அதில் போட்டிருக்கிறது. தேத்தண்ணியில் சீனி கூடினால் இவர் போடுகிற சத்தம் கோயில் வீதிவரை கேட்கும்.

“இதை எழுதினது ஆர்?” என்றா ரீச்சர்.

“பிள்ளையள்.”

“எப்ப?”

“செத்து முப்பது நாளுக்குள்ளை.”

“அப்ப இது அந்த அம்மா சந்தோஷமாய் இருந்ததுக்கு ஆதாரமில்லை. அவ சந்தோஷமாய் இருந்தா எண்டு பிள்ளையள் நினைக்க விரும்பினதுக்கு ஆதாரம். அதுவும் ஆதாரம்தான், ஆனால் வேறை விஷயத்துக்கு. எறியாதேங்கோ.”

அந்த வசனம் எனக்குள் போய் இருந்துகொண்டது. பிள்ளைகள் நினைக்க விரும்பினது. என்னைப் பற்றி என் மகன் என்ன நினைக்க விரும்புகிறான் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

“செத்தவையைக் கேக்கேலாது. உயிரோடை இருக்கிறவையைக் கேளுங்கோ” என்று ரீச்சர் முடித்ததுதான் தாமதம், பின்னல்காரி யன்னல் பக்கம் திரும்பினாள்.

“ஏன் தூரம் போவான்? அம்மம்மா தனியத்தானே இருக்கிறா! அம்மம்மா, இஞ்சை வாங்கோவன்!”

எல்லாத் தலைகளும் குசினிப் பக்கம் திரும்பின. நான் பதறிப்போய், “எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு பிள்ளை” என்று யன்னலை விட்டு விலகினேன். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை.

ரீச்சர் வற்புறுத்தவில்லை. ஆனால் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு கண்ணாடிப் பிள்ளை குசினி வாசலில் வந்து நின்றது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. எனக்கு அந்த நிலை தெரியும். வாழ்க்கை முழுக்க நான் நின்ற நிலை. “என்ன மோனை?” என்றேன்.

“அம்மம்மா… உங்களை மகன் கூப்பிட்டால் போக விருப்பமோ?”

நான் பானையைப் பார்த்தேன். “பிள்ளையள் கூப்பிட்டாப் போகத்தானே வேணும்” என்றேன்.

அது நன்றி சொல்லிவிட்டுப் போனது.

அடுத்த வகுப்பில் என் வசனத்தை அது எழும்பி வாசித்தது. உடனே கூப்பிடவேண்டும் என்ற பக்கம் கைதட்டியது. “பாத்தியளே, போகவேணும் எண்டு அவவே சொல்லிப்போட்டா!” மற்றப் பக்கத்துப் பெடியன் விடவில்லை. “போகத்தானே வேணும் எண்டுறதுக்கு விருப்பம் எண்டு அர்த்தமோ? சோதினை எழுதத்தானே வேணும். உனக்கு விருப்பமோ?” இவர்கள் தங்களுக்கு ஆதாரம் என்றார்கள், அவர்களும் தங்களுக்கு என்றார்கள். என் ஒரு வசனத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். யன்னலுக்கு உள்ளே நான் நிற்கிறேன், வெளியே நான் என்ன நினைக்கிறேன் என்று என்னைத் தவிர எல்லாரும் அடிபடுகிறார்கள்.

ரீச்சர் கண்ணாடிப் பிள்ளையைக் கேட்டா. “நீ என்ன கேட்டனீ?”

“விருப்பமோ எண்டு.”

“அவ விருப்பம் எண்டோ, இல்லை எண்டோ சொன்னவவோ?”

“…இல்லை ரீச்சர்.”

“அப்ப அவ பதில் சொல்லேல்லை. பதில் வராத இடத்திலை நாங்களா ஒண்டை நிரப்பக்கூடாது. இதை ஒரு பக்கமும் பாவிக்கேலாது. வையுங்கோ.”

அவ்வளவுதான் சொன்னா. கோபமாகவும் இல்லை, என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. ஆனால் எனக்கு அன்று பின்னேரம் முழுக்க அதே எண்ணம். பதில் வராத இடத்தை மகன் நிரப்பிக்கொண்டுதானே வந்தான். நான் அவனுக்கு வேறு எதைக் கொடுத்தேன்?

அந்தக் கிழமை முழுக்க வேலை செய்யச் செய்ய வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் என் பக்கத்தைத்தான் அடுக்கினேன். பிறகு ரீச்சரின் முறை நினைவு வந்தது. மற்றப் பக்கத்தைச் சொல்லி அவர்கள் ஓம் சொன்னால்தான் எனக்கு அனுமதி. சரி, மகன் பக்கம் என்ன? தனிய இருக்கிறேன், வயது போய்விட்டது, அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வது அதுதான். ஆனால் பின்னல்காரிக்கு முதல் தரம் ஓம் கிடைக்காததைப்போல, இதைச் சொன்னால் அவனிடமிருந்து உண்மையான ஓம் வராது என்று எனக்குப் பட்டது. இதற்குக் கீழே வேறொன்று இருக்கவேண்டும். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதுதான் அது எனக்குப் பிடிபட்டது. தோய்த்தபடியே இருந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவனுக்கு அங்கே சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். திரையில் முகம் தெரிந்தது, பின்னால் மருமகள் கோப்பை கழுவுகிற சத்தம்.

“அம்மா, அந்த ஆள் முடிவு கேக்கிறார். என்ன சொல்லட்டும்?”

“தம்பி, முதல் உன்ரை பக்கத்தை நான் சொல்லுறன். சரியோ எண்டு பாத்துச் சொல்லு.”

“என்ரை பக்கமோ? என்னம்மா புதுக் கதை?”

“பொறு. இடையிலை கதையாதை, எனக்குச் சொல்ல வந்தது விட்டுப்போம்.” போனைப் பார்க்க ஏலாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “நான் தனிய இருக்கிறது உனக்குப் பயம். ஆஸ்பத்திரி, வயது, அதெல்லாம் மேலாலை சொல்லுறது. அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு நீ வரேல்லை. உனக்கு அப்ப அங்கை விசாப் பேப்பர் சரிவரேல்லை. கொள்ளிவைக்க வேண்டிய பிள்ளை, போனிலை பாத்துக்கொண்டு இருந்தனீ. ஆரோ போனைப் பிடிச்சவையின்ரை கை ஆடினபடியால் அப்பாவின்ரை முகத்தைக்கூட நீ வடிவாப் பாக்கேல்லை. அது உனக்கு இன்னொருக்கா வரக்கூடாது. அதுக்காகத்தான் என்னைக் கூப்பிடுறாய். நான் சொன்னது சரியோ?”

அங்கே கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் மெல்லத் திரும்பிப் போனைப் பார்த்தேன். மகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தான். பிறகு “ஓம்” என்றான்.

இத்தனை வருசமாக அவன் எனக்குச் சொல்லாததை நான் அவனுக்குச் சொல்லிவிட்டேன். அந்த ஓம் கிடைத்த பிறகு எனக்குத் தொண்டை அடைக்கவில்லை.

“இப்ப என்ரை பக்கம். எனக்கு வர விருப்பமில்லை தம்பி. நீங்கள் குறை விட்டியள் எண்டு இல்லை. ஒருக்கா வந்து நிண்டனான்தானே. மருமகள் என்னை ராணி மாதிரிப் பாத்தவ. ஆனால் நீங்கள் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனாப் பிறகு, யன்னலாலை வெளியிலை பாத்தால் ஒரு மனுசர் கதைக்கிற சத்தம் இல்லை. இஞ்சை மூண்டு மணியாச்செண்டால் விறாந்தை நிறையப் பிள்ளையள். எனக்குக் கதைக்க வராது, கேக்க வரும். கேக்கிறதுக்கு எனக்கு இஞ்சை ஆக்கள் இருக்கினம்.”

“அது சரியம்மா. ஏதும் ஒண்டெண்டால் ஆர் பாக்கிறது?”

இதற்கு நான் ஆதாரம் வைத்திருந்தேன். பெருமையோடு சொன்னேன். “மாரி மழைக்கை எனக்குக் காய்ச்சல் வந்து எழும்ப ஏலாமல் கிடந்தனான். ரீச்சரும் ரெண்டு பிள்ளையளும் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாட்டிலை மாறி மாறி நிண்டு பாத்தவை.”

“என்ன? வாட்டிலையோ?” திரையில் அவன் முகம் மாறியது. “எனக்கு ஏன் சொல்லேல்லை? எத்தினை நாள் வாட்டிலை இருந்தனீங்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா சளித் தடிமன் எண்டெல்லோ சொன்னனீங்கள்!”

நல்ல ஆதாரம் என்று வைத்திருந்தது அவன் பக்கத்துக்குப் போய்விட்டது. பின்னால் மருமகள் வந்து எட்டிப் பார்த்து, “மாமி, உது சரியான பிழை” என்றா. இருவருமாகச் சேர்ந்து என்னை ஏசினார்கள். நான் வாங்கிக்கொண்டேன். முந்தியென்றால் அந்த இடத்திலேயே “சரி தம்பி, வாறன்” என்று சொல்லியிருப்பேன். அன்று, “ஏசு. ஆனால் நான் வரேல்லை” என்றேன்.

அவன் போனை வைக்கும்போது, “பாப்பம்” என்றான். எனக்கு மறுமொழியாக அந்தச் சொல்லை இன்னொரு வாயால் கேட்டது அன்றுதான். சொல்லிவிட்டுப் போகிறவளுக்கு இல்லை, கேட்டுவிட்டு இருக்கிறவளுக்குத்தான் அது எவ்வளவு வேதனை என்று எனக்கு அன்று விளங்கியது.

அந்தக் கிழமை நெருப்பில் நின்ற மாதிரி இருந்தேன். இடையில் அவன் என்னைக் கேட்காமல் ரீச்சருக்குப் போன் எடுத்திருக்கிறான். என்ன கதைத்தார்கள் என்று ரீச்சர் எனக்கு முழுக்கச் சொல்லவில்லை. “உங்கடை மகன் நல்லா வாதாடுவார் அம்மா, என்ரை வகுப்புக்கு விடலாம்” என்று மட்டும் சிரித்தா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகன் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அம்மா, போனைத் தூக்கி விறாந்தைக் கூரையைக் காட்டுங்கோ” என்றான். காட்டினேன். “அந்த மூலை ஒழுகுதோ?” என்றான். “ஓம், பிள்ளையள் மழைக்கு வாங்கை இழுத்துக்கொண்டு திரியுதுகள்” என்றேன். “மற்றப் பக்கம்? வளை மரம் எப்பிடி, உக்கிப்போச்சோ?” என்று ஒவ்வொரு மூலையாகக் கேட்டான். கடைசியில், “மாரி வர முதல் ஓட்டு வேலைக்காரரை அனுப்புறன். முழுக்க மாத்துவம். இனிக் காய்ச்சல் எண்டால் ரீச்சர் எனக்கு நேரை போன் எடுப்பா, நீங்கள் சொல்லத் தேவையில்லை” என்றான். விற்கப்போகிற வீட்டுக்கு யாரும் ஓடு மாற்றுவதில்லை. நான் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். “அம்மா, எனக்கு உங்கடை சேலைதான் தெரியுது” என்று அவன் கத்தினான்.

ஓட்டு வேலைக்காரர் வந்தபோது வகுப்பை உள்ளே மண்டபத்துக்கு மாற்றவேண்டியிருந்தது. திருவிழாக் காலம் வேறு. கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம், மேலே சுத்தியல் மறுபக்கம். மட்டைகளில் ஓட்டுத் தூசி விழ, பிள்ளைகள் ஊதி ஊதி வாசித்தார்கள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் யன்னல் இல்லை, வாசல்தான். தேத்தண்ணித் தட்டோடு வந்த நான் திரும்பிப் போக இடமில்லாமல், வாசலடியில் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த வகுப்பை முகத்துக்கு முகம் பார்த்தது அன்றுதான்.

திருவிழாவுக்குக் கோயில் வீதியில் போடுகிற கடைகளைத் தூரத்துக்கு மாற்றவேண்டுமா என்பது அன்றைய தலைப்பு. பின்னல்காரி என்னைக் கண்டுவிட்டாள்.

“அம்மம்மா, நீங்கள் எந்தப் பக்கம்?”

எல்லாரும் திரும்பினார்கள். மேலே சுத்தியல் சத்தமும் அந்த நேரம் பார்த்து நின்றது.

“கடை கிட்டத்தான் இருக்கவேணும்” என்றேன்.

“ஆதாரம்?” என்று மற்றப் பக்கம் முழுக்கக் கத்தியது. கண்ணாடிப் பிள்ளையும் சேர்ந்துதான்.

“திருவிழாவுக்குப் போய்க் கச்சான் கடலை வாங்காமல் வந்த ஒரு ஆளைக் காட்டுங்கோ பாப்பம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்காமல் என்னையும் அவர்களில் ஒருத்தியாகவே பார்த்தா. “உது ஆதாரமில்லை அம்மா. உது கேள்வி.”

“அப்ப நாளைக்குக் கொண்டுவாறன்” என்றேன்.